வார்டுல நாப்பது கிணறு, போர் இருக்கு: குறைஞ்ச செலவுல தண்ணி சோதிக்க எதுல ஆரம்பிக்கலாம்?

கிழக்குக்கரை எழுதியது:

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா (ஆந்திரச் சித்தூர் இல்லீங்க), கொழிஞ்சாம்பாறைக்கும் வடகரைப்பதிக்கும் நடுவுல எங்க வார்டு. குடிக்கிறதுக்குப் புழங்குற திறந்த கிணறு, போர் எல்லாம் சேர்ந்து நாப்பது சொச்சம். வெயில் ஏறுனா லாரித் தண்ணிதான், அதுவரைக்கும் இதுங்கதான். குடும்பஸ்ரீ மகளிர் குழு மூலமா எல்லாத்தையும் ஒரு சுத்து சோதிச்சு, எது குடிக்கலாம் எது ஆகாதுன்னு பட்டியல் போடணும்னு முடிவாயிருக்கு. கையில இருக்கறது ஒரு டி.டி.எஸ். பேனா (தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டறது), பக்கத்துப் பள்ளிக்கூட வேதியியல் லேப், கொஞ்சம் பணம். அங்கன்வாடிக் குழந்தைகளோட அண்ணன் அக்காமார் சில பேருக்குப் பல்லு மஞ்சக்கறை இருக்கு. எதை முதல்ல வாங்கறது, எதை லேபுக்கு அனுப்பறது, எங்க ஏமாறுவோம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரசாயனச்சாலை எழுதியது:

முதலில் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலைச் சுருக்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 (2012). அதில் இருக்கும் எல்லாவற்றையும் சோதிக்க நினைத்தால் பணமும் தீரும், ஆட்களும் ஓய்ந்து போவார்கள். உங்கள் பகுதிக்கு முதல் சுற்றில் மூன்று போதும்: போருக்கு ஃபுளோரைடு, திறந்த கிணற்றுக்கு நைட்ரேட், இரண்டுக்கும் மலக்கிருமி.

எல்லைகளை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மி.கி. வரை ஏற்கலாம், வேறு ஊற்றே இல்லை என்றால் 1.5 வரை. நைட்ரேட் 45, அதற்குத் தளர்வு கிடையாது. ஈ.கோலை (மலக்கலப்பைக் காட்டும் குடல் கிருமி) 100 மி.லி. தண்ணீரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

போருக்கு ஏன் ஃபுளோரைடு என்றால், உங்களுக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை. அதன் வெடிப்புகளில் நெடுநாள் கிடக்கும் தண்ணீர் பாறைக் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்ளும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து, பைகார்பனேட்டும் பி.எச்.சும் கூடிய தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்தே நிற்கும். அதனால் சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்று ஊரே புகழும் போர் எதுவோ (கால்சியம் குறைவு என்பதன் அடையாளம் அது), அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பல் கறையைப் பற்றி ஒன்று. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரில் கூடுதலாக இருந்த ஃபுளோரைடுதான் அந்தக் கறையை உண்டாக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பல், இன்று குடிக்கும் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. அப்போது அந்த வீடு எங்கே தண்ணீர் எடுத்தது என்று கேளுங்கள். அங்கன்வாடிக்குத் தண்ணீர் தரும் போர் பட்டியலில் முதலிடம் பெற வேண்டும்.

மேட்டாங்காடு எழுதியது:

இத்தனை எதுக்குங்க? பேனாவை முக்குனா 400 காட்டுச்சுன்னா நல்ல தண்ணி, 1500 காட்டுச்சுன்னா மாட்டுக்கு. ஆர்.ஓ. மாட்ட வர்றவனும் அதைத்தானே பார்க்கறான்.

ரசாயனச்சாலை எழுதியது:

அவர் பார்ப்பது விற்பனைக்கு. பேனா அளப்பது தண்ணீரின் மின்கடத்துதிறன். அதை ஒரு காரணியால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. 400 மி.கி. உப்புகளுக்கு நடுவே 3 மி.கி. ஃபுளோரைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் தெரியாது. கிருமிக்கு மின்கடத்துதிறனோடு தொடர்பே இல்லை. 400 காட்டும் போரில் ஃபுளோரைடு எல்லை தாண்டியிருக்கலாம். 900 காட்டும் கிணற்றில் ஃபுளோரைடு துளிகூட இல்லாமலும் போகலாம்.

ஆனால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு வேலைக்கு அது உதவும். ஒன்று, போரை ஓடவிட்டபின் எண் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்து மாதிரி எடுக்கும் நேரத்தை முடிவு செய்ய. இன்னொன்று, அதே கிணற்றை மாதாமாதம் பார்த்து திடீர் மாற்றத்தைப் பிடிக்க.

சுரங்காத்து எழுதியது:

பேனாவைச் சரிபார்க்காம நம்பாதீங்க. மின்முனையில உப்பு படிஞ்சா குறைச்சுக் காட்டும். வீட்டுத் தராசு ஒரு கிராம் துல்லியம்தான், அதனால அரை கிராம் உப்பு நிறுக்க முடியாது. இப்படிப் பண்ணுங்க: 50 கிராம் தூள் உப்பை வாணலியில லேசா சூடாக்கி ஈரம் போக்கி, டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு மொத்தம் 1 லிட்டர் ஆக்குங்க. அதுல 10 மி.லி. சிரிஞ்சால எடுத்து, மறுபடி டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி 1 லிட்டர் ஆக்குங்க. லிட்டருக்கு அரை கிராம் உப்பு ஆச்சு. 25 டிகிரியில இதோட மின்கடத்துதிறன் ஏறத்தாழ 1000 மைக்ரோ சீமென்ஸ். பேனா 0.5 காரணி போட்டதுன்னா 500 பக்கம் காட்டணும், 0.7 போட்டதுன்னா 700 பக்கம். ஒரே தண்ணிக்கு ரெண்டு பேனா ரெண்டு எண் காட்டறதுக்குக் காரணமும் பெரும்பாலும் இந்தக் காரணிதான்.

பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரைத் தனியா அளந்து பாருங்க. சில கேன்ல இருக்கறது வெறும் ஆர்.ஓ. தண்ணி. பேனா ஒற்றை இலக்கத்துக்கு மேல காட்டுனா வேற கேன் வாங்குங்க, ஏன்னா பின்னால எல்லாச் சோதனைக்கும் இதுதான் அடிப்படை.

கிழக்குக்கரை எழுதியது:

புரிஞ்சுதுங்க. மாதிரி எடுக்கறதுல என்ன கவனிக்கணும்? எல்லாரும் மினரல் வாட்டர் பாட்டில்ல பிடிச்சுட்டு வந்துடறாங்க.

பனங்காட்டுமேடு எழுதியது:

பாதித் தப்பு அங்கதான் நடக்குது. கிட்டு எவ்வளவு நல்லதா இருந்தாலும் பாட்டில்ல இருக்கறது வேற தண்ணின்னா முடிவும் வேற ஊர் முடிவுதான்.

போர்: மேல்தொட்டிக் குழாயில பிடிக்காதீங்க. மோட்டாருக்குப் பக்கத்துல, தண்ணி நேரா வர்ற இடத்துல பிடிக்கணும். பத்து நிமிசம் ஓடவிட்டு, ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பேனாவுல பாருங்க. மூணு தடவை எண் ஒண்ணா நின்னா பாறைத் தண்ணி வந்துருச்சுன்னு அர்த்தம். குழாய்க்குள்ள ராத்திரி பூரா நின்ன தண்ணியைப் பிடிச்சா இரும்பும் துருவும்தான் கிடைக்கும்.

திறந்த கிணறு: கிருமிச் சோதனைக்கு வீட்டு வாளியும் கயிறும் ஆகாது. கயிறு தரையில கிடக்கும், அதுலயே கிருமி இருக்கும். வாய் அகண்ட கண்ணாடி பாட்டிலைக் குக்கர்ல 20 நிமிசம் ஆவியில வெச்சு, மூடி போட்டே ஆறவிட்டு, கழுத்துல சுத்தமான நைலான் கயிறும் அடியில கல்லும் கட்டி இறக்குங்க. தண்ணிக்கு ஒரு முழம் கீழ போய் நிரம்பட்டும். மேல மிதக்கற தூசியும் வேண்டாம், அடிச் சேறும் வேண்டாம். விளிம்பு வரைக்கும் நிரப்பாம ரெண்டு விரக்கடை காத்து விடுங்க, லேப்ல குலுக்கறதுக்கு இடம் வேணும்.

குளோரின் போட்ட தண்ணியை லேபுக்கு அனுப்பறதுன்னா 125 மி.லி. பாட்டிலுக்கு 3 சதவீத சோடியம் தயோசல்பேட் கரைசல் ரெண்டு சொட்டு (0.1 மி.லி.) முன்கூட்டியே விட்டுத்தான் ஸ்டெரிலைஸ் பண்ணணும். இல்லாட்டி வண்டியில போற வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்னுட்டே போகும், லேப் "இல்லை"ன்னு எழுதும்.

ஃபுளோரைடுக்கு பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம். ஆசிட் விடாதீங்க. நைட்ரேட் மாதிரியை ஐஸ் பெட்டியில வெச்சு அன்னிக்கோ மறுநாளோ முடிச்சிருங்க. கிருமி மாதிரி ஐஸ்ல ஆறு மணி நேரத்துக்குள்ள லேப் போய்ச் சேரணும், போனாப் போவுதுன்னா 24.

பேரை மூடியில எழுதாதீங்க. மூடிதான் மாறிப் போகும். பாட்டில் உடம்புல எழுதுங்க.

நகரிமலை எழுதியது:

நம்ம பக்கம் ஆந்திர எல்லை, இங்கேயும் கருங்கல் பூமிதான், அதே ஃபுளோரைடு தொல்லைதான். கிட்டு பற்றிச் சொல்கிறேன்.

கடையில் கிடைக்கும் ஃபுளோரைடு கிட்டுகளில் பெரும்பாலானவை சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலை வைத்து வேலை செய்பவை. ஃபுளோரைடு வந்து சிர்கோனியத்தைப் பிடித்துக்கொள்ளும், சாயம் நிறம் விடும். ஆக, நிறம் குறைந்தால் ஃபுளோரைடு அதிகம். முதன்முறை செய்பவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். கிட்டுக்குக் கிட்டு நிறம் மாறும். வண்ண அட்டை அந்தந்தக் கிட்டுக்கே உரியது, வேறு கம்பெனி அட்டையோடு ஒப்பிடாதீர்கள்.

இந்தச் சோதனையில் கரைசலின் அளவும் தண்ணீரின் அளவும் கறாராக இருக்க வேண்டும். நிறத்தைத் தருவதே அந்தக் கரைசல்தான் என்பதால், ஒரு சொட்டுக் கூடினாலும் ஃபுளோரைடு குறைந்ததுபோல் தெரியும். கிட்டில் வரும் சொட்டுக் குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறும், செங்குத்தாகப் பிடியுங்கள். முடிந்தால் 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரும் ஒப்பீட்டுக் கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சோதித்தால் தப்பு வரும். நிழலில் வைத்து அறைச் சூட்டுக்கு வர விடுங்கள்.

குளோரின் உள்ள தண்ணீர் சாயத்தை வெளுத்து, இல்லாத ஃபுளோரைடைக் காட்டும். படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அதில் மிஞ்சிய அலுமினியம் ஃபுளோரைடைக் கட்டிவைத்துக்கொள்ளும், கிட்டு குறைத்துக் காட்டும். நல்கொண்டா முறையில் (படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடு நீக்குவது) சுத்தம் செய்த தண்ணீரை இதே கிட்டில் சோதித்து "சரியாகிவிட்டது" என்று சொன்னால் நம்பாதீர்கள். அதை அயனி மின்முனை (ஃபுளோரைடை நிறம் பார்க்காமல் மின்சாரத்தால் அளக்கும் கருவி) உள்ள லேபில்தான் பார்க்க வேண்டும்.

ரசாயனச்சாலை எழுதியது:

நகரிமலை சொன்னது சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன், இந்த இழையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: விடை தெரிந்த தண்ணீரைக் கூட வைக்காமல் எந்தக் கிட்டையும் திறக்காதீர்கள்.

பள்ளி லேபில் செய்ய முடியும். காய்ந்த சோடியம் ஃபுளோரைடு 0.221 கிராம், டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து 1 லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 100 மி.கி. ஃபுளோரைடு உள்ள தாய்க்கரைசல். அதில் 10 மி.லி. எடுத்து 1 லிட்டர் ஆக்கினால் 1.0 மி.கி.; 15 மி.லி. எடுத்தால் 1.5, 30 எடுத்தால் 3.0. எல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில். சோடியம் ஃபுளோரைடு நஞ்சு. பொடியை நிறுப்பதும் பூட்டி வைப்பதும் ஆசிரியரின் வேலை. குழுவின் கைக்கு வர வேண்டியவை நீர்த்த பாட்டில்கள் மட்டும், அவற்றிலும் "குடிக்கக் கூடாது" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

சோதனை நாளில் ஐந்து குழாய் வரிசை: வெறும் டிஸ்டில்டு வாட்டர், 1.0, 1.5, 3.0, பிறகு உங்கள் மாதிரி. நான்கும் படிப்படியாக நிறம் மாறி நின்றால்தான் ஐந்தாவதைப் படியுங்கள். 1.0க்கும் 1.5க்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் கரைசல் கெட்டிருக்கிறது. அன்று சோதனை இல்லை. மாதிரி 3.0ஐயும் தாண்டி வெளுத்தால், ஒரு பங்கு மாதிரிக்கு ஒரு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து மறுபடி சோதித்து, விடையை இரண்டால் பெருக்குங்கள்.

சுரங்காத்து எழுதியது:

நிறம் பார்க்கறது பகல் வெளிச்சத்துல, நிழல்ல, வெள்ளைத் தாளை முதுகுப்பக்கம் வெச்சு. எல்.இ.டி. பல்பு கீழ பார்த்தா சிவப்பும் ஆரஞ்சும் கலங்கிப் போகும். ஆம்பளைங்கள்ல சில பேருக்குச் சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க வராது, அவங்களுக்கே தெரியாமயும் இருக்கும். ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்து, ஒருத்தர் எண்ணை ஒருத்தர் கேக்காம எழுதுங்க. போன்ல படம் எடுக்கறதுன்னா ஒப்பீட்டுக் குழாயும் மாதிரியும் ஒரே படத்துல இருக்கணும். நேத்து எடுத்த படத்தோட இன்னிக்கு எடுத்ததை ஒப்பிடாதீங்க, போன் தானா வெள்ளையைத் திருத்திக்கும்.

மேட்டாங்காடு எழுதியது:

நைட்ரேட்டுக்கு ஸ்ட்ரிப் வருதே, அது போதுமுங்களா? எங்க காட்டுல தென்னைக்கு யூரியா போடறோம், கிணறு நடுக்காட்டுல இருக்குது.

பனங்காட்டுமேடு எழுதியது:

முதல் சுத்துக்குப் போதும். ஆனா டப்பாவுல என்ன அலகுன்னு படிங்க. சில ஸ்ட்ரிப் நைட்ரேட்டாவே காட்டும், சிலது நைட்ரேட்ல இருக்கற நைட்ரஜனைக் காட்டும். நைட்ரஜனா 10 காட்டுனா அது நைட்ரேட்டா 44, எல்லையைத் தொட்டாச்சு. 10ன்னு பார்த்துட்டு "45க்கு ரொம்பக் கீழ இருக்கு"ன்னு சந்தோசப்பட்டா போச்சு. 4.43ஆல பெருக்கிக்கணும்.

ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்ததுல இருந்து டப்பாவுல சொன்ன விநாடிக்குக் கடிகாரம் பார்த்துப் படிக்கணும். லேட்டானா நிறம் ஏறிட்டே போகும். பொடி கிட்டுல துத்தநாகத் தூள் நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தி, அப்புறம் ரோஸ் நிறம் வரும். தூள் கூடிட்டாலோ ரொம்ப நேரம் விட்டுட்டாலோ நைட்ரைட்டையும் தாண்டி அம்மோனியாவா போயிரும், நிறம் வராது. அப்பவும் "நைட்ரேட் இல்லை"ன்னு தப்பாத் தெரியும். முதல்ல தூள் போடாம ஒரு குழாய் பாருங்க. அதுலயே ரோஸ் வந்தா தண்ணியில நைட்ரைட் இருக்குன்னு அர்த்தம், பக்கத்துல சாக்கடையோ மாட்டுக் கொட்டகையோ தேடுங்க.

உங்க கேள்விக்கு: யூரியாவும் காரணமா இருக்கலாம், கக்கூஸ் குழியும் இருக்கலாம். கேரளக் கட்டட விதியில கிணத்துக்கும் கழிவுக் குழிக்கும் 7.5 மீட்டர் இடைவெளி கேக்கறாங்க. வெடிப்புப் பாறையில அது கிருமிக்கே போதும்னு சொல்ல முடியாது, நைட்ரேட்டுக்கு அந்தத் தூரம் ஒரு தடையே இல்லை. நைட்ரேட் கூடின தண்ணியைக் காய்ச்சுனா இன்னும் கூடும், குறையாது. ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்பொடி கலக்கற வீட்டுல இதை முதல்ல சொல்லிருங்க.

கிழக்குக்கரை எழுதியது:

கிருமிக்கு அந்தக் கறுப்பாகற பாட்டில் நாமளே செய்யலாம்னு கேள்விப்பட்டோம். நிசமா?

ரசாயனச்சாலை எழுதியது:

செய்யலாம். ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் சோதனை. மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் 1982இல் வெளியிட்ட இந்திய முறை. கலவை இது:

பெப்டோன் 20 கிராம்
டை பொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5 கிராம்
ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 0.75 கிராம்
சோடியம் தயோசல்பேட் 1 கிராம்
டீபால் திரவம் (லேபில் புழங்கும் சோப்புத் திரவம்) 1 மி.லி.
டிஸ்டில்டு வாட்டர் 50 மி.லி.

மடித்த டிஷ்யூ காகிதம் ஒவ்வொன்றிலும் இதில் 1 மி.லி. ஊறவிட்டு, 20 மி.லி. அளவுக்குக் கோடு போட்ட கண்ணாடி பாட்டிலில் வைத்து, மூடியைத் தளர்த்தி, ஆட்டோகிளேவில் ஸ்டெரிலைஸ் செய்து, 50 டிகிரியில் உலர்த்தி மூட வேண்டும். ஒரு தடவைக்கு ஐம்பது பாட்டில் வரும். தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, 30 முதல் 37 டிகிரியில் வைத்தால் மலத்தோடு வரும் சில கிருமிகள் சல்பைடை விடும், அது இரும்போடு சேர்ந்து கறுக்கும். 18 மணியில் ஒருமுறை, 24இல் ஒருமுறை, 48இல் ஒருமுறை பாருங்கள். எத்தனை மணியில் கறுத்தது என்பதையும் எழுதுங்கள். சீக்கிரம் கறுத்தால் அசுத்தம் அதிகம் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

இனி இதன் குறைகள். ஈ.கோலை பொதுவாகச் சல்பைடு விடாது. இந்தப் பாட்டில் அதோடு கூட வரும் மற்ற குடல் கிருமிகளைத்தான் பிடிக்கிறது. ஆழ்போரில் சல்பேட்டைத் தின்று சல்பைடு விடும் மண் கிருமிகள் இருந்தால், மலமே கலக்காத தண்ணீரும் கறுக்கும். அழுகிய முட்டை வாடை ஏற்கெனவே வரும் தண்ணீரை இதில் சோதிப்பது வீண். எதிர்மறை வந்தால் "இந்த 20 மி.லி.யில், இன்று, தென்படவில்லை" என்பது மட்டும்தான் பொருள்.

சுரங்காத்து எழுதியது:

கறுத்த பாட்டில்ல இருக்கறது கோடிக்கணக்கான கிருமி. சமையல்கட்டுல வைக்காதீங்க. திறக்கறதுக்கு முன்னால கையுறை, அப்புறம் கெட்டியான பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊத்தி ஒரு மணி நேரம் விட்டு, கக்கூஸ்ல கொட்டுங்க.

இன்குபேட்டர் இல்லைன்னா தெர்மாகோல் பெட்டிக்குள்ள வெதுவெதுப்பான தண்ணி பாட்டிலைக் கூட வெச்சு, தெர்மாமீட்டர் ஒண்ணு போட்டு வையுங்க. பங்குனி, சித்திரையில நம்ம பக்கம் வெறும் அறையே போதும். மார்கழியில கணவாய்க் காத்து அடிக்கறப்ப ராத்திரி குளிர்ந்துரும், அப்ப 24 மணியில முடிவு சொல்லாம 48 வரைக்கும் காத்திருங்க.

ஒவ்வொரு தடவையும் ரெண்டு பாட்டில் கூடுதலா: ஒண்ணுல காய்ச்சி ஆறுன தண்ணி, இன்னொண்ணுல வாய்க்கால் தண்ணி. முதலாவது கறுத்தா உங்க பாட்டில் சுத்தமில்லை. ரெண்டாவது கறுக்கலைன்னா கலவை செத்துப் போச்சு. ரெண்டுல எது நடந்தாலும் அன்னிக்கு எடுத்த முடிவு எல்லாமே குப்பை.

நகரிமலை எழுதியது:

இவ்வளவு வேலைக்கு ஈ.கோலையையே நேரடியாகக் காட்டும் பொடி வாங்கிவிடலாம். தண்ணீரில் கலந்து 35 டிகிரியில் 24 மணி வைத்தால், கோலிஃபார்ம் (ஈ.கோலையும் அடங்கிய கிருமிக் கூட்டம்) இருந்தால் மஞ்சள், ஈ.கோலை இருந்தால் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். விலை கூடுதல்தான். நாற்பதையும் கறுப்புப் பாட்டிலில் சல்லடை போட்டுவிட்டு, கறுத்தவற்றையும் அங்கன்வாடி ஊற்றையும் மட்டும் இதில் பார்க்கலாம்.

ரசாயனச்சாலை எழுதியது:

அந்த வரிசையில் எனக்குச் சிறிய மாற்றுக் கருத்து. கறுத்தவற்றை மட்டும் மறுபடி பார்த்தால் கறுக்காமல் தப்பியவை எத்தனை என்று தெரியாது. கறுக்காதவற்றிலும் நான்கைந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் பாருங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட்டுக்கும் அப்படியே: பத்துக்கு ஒன்று வீதம் அதே பாட்டிலின் பாதியைக் கேரள வாட்டர் அதாரிட்டியின் தர ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 1.0க்கும் 2.0க்கும் நடுவே கிட்டு காட்டும் போர்கள் எல்லாவற்றையும் அனுப்புங்கள். அந்த இடைவெளியில்தான் கண்ணால் பார்ப்பது நம்ப முடியாதது, அங்கேதான் முடிவும் மாறுகிறது. கிட்டு 4 காட்டும் போருக்கு லேப் 3.6 சொன்னால் என்ன, 4.3 சொன்னால் என்ன?

ஜல் ஜீவன் மிஷனில் (மத்திய அரசின் குடிநீர்த் திட்டம்) ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கிட்டுப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. பஞ்சாயத்தில் கேளுங்கள்; பயிற்சி பெற்றவர் வார்டிலேயே இருக்கலாம், பிரிக்காத கிட்டும் இருக்கலாம். காலாவதித் தேதி பார்க்காமல் வாங்கி வராதீர்கள். ஹரித கேரளம் மிஷன் (கேரள அரசின் திட்டம்) சில மேல்நிலைப் பள்ளி வேதியியல் லேபுகளில் தண்ணீர் சோதனை வசதி செய்து கொடுத்திருக்கிறது. பக்கத்துப் பள்ளி அதில் ஒன்றா என்றும் விசாரியுங்கள்.

மேட்டாங்காடு எழுதியது:

கிணறு கறுத்துப் போச்சுன்னா என்ன பண்றது? சும்மா ரெண்டு கை பிளீச்சிங் பவுடர் வீசுனா ஆகாதா?

பனங்காட்டுமேடு எழுதியது:

வீசுனா கட்டி அடியில போய் உக்காந்துக்கும், மேல்தண்ணியில குளோரின் இருக்காது. கணக்கு இருக்குது:

கிணத்து விட்டம் (மீட்டர்) × விட்டம் × தண்ணி ஆழம் × 785 = லிட்டர்.

விட்டம் 3 மீட்டர், தண்ணி 4 மீட்டர்னா ஏறக்குறைய 28,000 லிட்டர். வழக்கமான குளோரினேசனுக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது 70 கிராம். கிருமி தென்பட்ட கிணறு, வெள்ளம் ஏறுன கிணறுன்னா ரெட்டிப்பு, 140 கிராம். பவுடர் புதுசா இருந்தா அதுல 33 சதவீதம் பக்கம் குளோரின் இருக்கும். போன வருசத்துச் சாக்கு, ஈரம் பிடிச்சு வாடையே இல்லைன்னா இந்தக் கணக்கு ஓடாது.

பவுடரை பக்கெட்டுல கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சு, முக்கால் பக்கெட் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிசம் தெளிய விடுங்க. தெளிவை மட்டும் இன்னொரு பக்கெட்டுல ஊத்தி, கிணத்துக்குள்ள இறக்கி, தண்ணிக்குள்ள மேலும் கீழும் ஆட்டுங்க. அடி வண்டலைக் கிணத்துல போடாதீங்க. ஒரு மணி நேரம் தண்ணி எடுக்க வேண்டாம். அப்புறம் டி.பி.டி. மாத்திரையில (குளோரின் இருந்தா ரோஸ் நிறம் காட்டறது) பார்த்தா மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் குறையாம இருக்கணும், 0.5 இருந்தா நல்லது. ரோஸ் நிறம் வந்து சட்டுனு மறைஞ்சா குளோரின் இல்லைன்னு நினைக்காதீங்க. ரொம்பக் கூடிப் போய் சாயத்தையே வெளுத்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர்ல பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்க. மஞ்சளாகற ஆர்த்தோ டொலிடின் திரவம் பழைய லேப்ல கிடந்தா எடுக்காதீங்க, அது நஞ்சு.

குளோரின் போட்டா கிருமி போகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் இம்மி குறையாது. இதை வீட்டுக்காரங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லுங்க.

கிழக்குக்கரை எழுதியது:

கடைசியா ரெண்டு சந்தேகமுங்க. எந்த மாசம் எடுக்கறது? முடிவை எப்படிச் சொல்றது? கிணறு வெச்சிருக்கறவங்க கோவிச்சுக்குவாங்க.

ரசாயனச்சாலை எழுதியது:

இரண்டு முறை: சித்திரையில் தண்ணீர் அடிக்குப் போனபின் ஒன்று, முதல் நல்ல மழை பெய்த வாரத்தில் ஒன்று. கோடையில் சரியாக இருந்த கிணறு, முதல் மழை தரையைக் கழுவி உள்ளே விட்டபின் கிருமிக்குத் தோற்பது சாதாரணம். ஃபுளோரைடை இரண்டு முறையும் பாருங்கள். ஒரு முறை 1.3 என்று வந்த போர் அடுத்த முறை எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பனங்காட்டுமேடு எழுதியது:

சொல்றதுக்கு வழி: முதல்ல வீட்டுக்காரர்கிட்ட தனியா, காகிதத்துல எண்ணோட. பொதுப் பட்டியல் பஞ்சாயத்துக்கு அப்புறம். "கெட்ட தண்ணி"ன்னு சொல்லாதீங்க. "குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், துவைக்க, மாட்டுக்கு, தோட்டத்துக்கு ஆகும்"னு சொல்லுங்க. அதே பேச்சுல குடிக்கறதுக்கு எங்க எடுக்கணும்னு பக்கத்துல சரியான கிணறு ஒண்ணைக் காட்டணும், அதைச் சொல்லாம எண்ணை மட்டும் கொடுத்துட்டு வந்தா அடுத்த சுத்துக்குக் கதவைத் திறக்க மாட்டாங்க. அதனால நோட்டுல ஒவ்வொரு போருக்கும் நேரா ஒரு கட்டம் விடுங்க: நடந்து போற தூரத்துல எல்லைக்குள்ள இருக்கற ஊத்து எது, அந்தக் கிணத்துக்காரர் தண்ணி எடுக்க விடுவாரா. சோதனைக்குப் போறப்பவே அதையும் கேட்டு எழுதிட்டு வந்துருங்க.

கிழக்குக்கரை எழுதியது:

சரிங்க. டிஸ்டில்டு வாட்டர், 1 மி.லி. சிரிஞ்சு, தெர்மாமீட்டர், பிளாஸ்டிக் பாட்டில் அறுபது, குக்கர்ல வைக்கிற கண்ணாடி பாட்டில் பத்து, நைட்ரேட் ஸ்ட்ரிப், ஃபுளோரைடு கிட்டு, டி.பி.டி. மாத்திரைன்னு பட்டியல் போட்டாச்சு. சோடியம் ஃபுளோரைடும் கறுப்புப் பாட்டிலும் டீச்சர்கிட்ட. கிட்டை வண்டி டிக்கியில வெச்சு எடுத்துட்டுப் போலாமுங்களா?

நகரிமலை எழுதியது:

வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏறி ஸ்ட்ரிப்பும் டி.பி.டி. மாத்திரையும் கெடும். தெர்மாகோல் பெட்டி போதும், ஐஸ் அதில் வேண்டாம். ஈரம் பட்டாலும் ஸ்ட்ரிப் கெடும். ஐஸ் உள்ள பெட்டி மாதிரி பாட்டிலுக்குத் தனியாக.